அரை மாத்திரை

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மூட்டையம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறே ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டோடு சரி. ஒன்பது மாடியிலிருந்தும் காலையில் அழுக்கு மூட்டைகள் இறங்கும், சாயங்காலம் வெளுத்த மூட்டைகள் ஏறும். மாடிக்கு இத்தனை விரிப்பு, இத்தனை தலையணை உறை, இத்தனை துண்டு என்று கணக்கு. மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே ஒன்று குறைகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அதனால் வந்த பேர்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். சோப்புத் தூள் சிந்தினால் கத்துவாள், இஸ்திரிக்காரன் பத்து நிமிஷம் பிந்தினால் கத்துவாள், மேனேஜர் இரண்டாவது தடவை ஒன்றைச் சொன்னால் அவரிடமும் கத்துவாள். ஆனால் மூட்டையில் ஒன்று குறைந்தால் மட்டும் சத்தமே வராது. அலமாரியில் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் உபரி விரிப்பு ஒன்றை உருவி, உள்ளே செருகி, முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுவாள். குறைந்தால் நிரப்பு, அதற்கு எதற்கு ஊரைக் கூட்டுவது என்பது அவள் கட்சி. கெட்டிக்காரத்தனம் என்றே அதை நினைத்திருந்தாள். பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மருமகளை அவள் கண்டெடுத்ததும் அந்தச் சலவைப் பிரிவில்தான். கிழிசல் தைக்கும் மேசைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். மெலிந்த கை, பொடித் தையல், அதிகம் பேச மாட்டாள். வந்து மூன்றாவது வாரம், சூடான இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே விறைத்து விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. ஒருத்தி தண்ணீரை எடுத்து முகத்தில் அடிக்க ஓடி வந்தாள், இன்னொருத்தி கரண்டியை எடுத்து வாயில் திணிக்கப் பார்த்தாள். மூட்டையம்மா இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளிவிட்டு, பெண்ணை உருளைக்கு எட்டாமல் இழுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள். தூக்கிப் போடும் தலை தரையில் மோதக் கூடாது என்பதற்குப் படிப்பா வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து மகன் வந்து நின்றான். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், வாயில்லாப் பூச்சி. "அந்தத் தையல் பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றான். அவன் வாழ்நாளில் அவளிடம் பேசிய நீளமான வாக்கியம் அது. சரி என்று சொல்லிவிட்டாள். தெரிந்தவர்கள் எல்லாம் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி நேராகவே கேட்டாள், வலிப்பு இருக்கிற பெண்ணையா கட்டி வைக்கிறாய் என்று. "உங்க வீட்டுல தினம் சண்டை வருது, எங்க வீட்டுல மாசத்துக்கு மூணு தடவை வலிப்பு வரும். எனக்கு இது தேவலை" என்றாள் மூட்டையம்மா. எதிர்வீட்டுக்காரி ஒரு மாதம் பேசவில்லை, அதுவும் தேவலையாகத்தான் இருந்தது.

பிள்ளை பிறந்த பிறகு மூன்று என்பது ஒன்பது ஆனது. இரண்டு வகை மாத்திரை மாற்றிப் பார்த்தார்கள், மூன்றாவதைச் சேர்த்தார்கள், ஒன்றுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் காலை, மருமகள் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கிண்ணத்திலிருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து மூட்டையம்மா கேட்டது கிண்ணம் உருளும் சத்தம். ஓடி வந்து பார்த்தால் மருமகள் சுவரோரம் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், பிள்ளை மடியிலிருந்து நழுவிப் பாயில் குப்புற விழுந்து வீறிடுகிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் பாய்க்கோடு பதிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கண் விழித்த மருமகள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அவள் பிள்ளையைத் தூக்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். பிள்ளையும் தாயும் தனியாக இருக்கக் கூடாது. மகன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். ஆகவே மூட்டையம்மா ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு போட்டாள். "ஆறு மாசம் காத்திருப்பேன். ஏழாவது மாசம் முதல் தேதி நீங்க வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், வருத்தப்படாதீங்க" என்றார் மேனேஜர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருமகள் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாள் முழுக்க மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஒரு வாரத்திலேயே கசந்துபோனது. மெஷின் இரைச்சல் இல்லாமல் காது அடைத்தது. வீட்டில் கத்துவதற்குக்கூட ஆள் பற்றவில்லை.

மருமகளுக்கு வேறு குறை. ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு மணி நேரம் நானும் அவளும் மட்டும் இருக்கணும் அத்தை. யாரும் பார்க்காம. அவ அழுதா நான்தான் வரணும்னு அவளுக்குத் தெரியணும். இப்ப அழுதா கதவைப் பார்க்கிறா, நீங்க வருவீங்கன்னு."

மூட்டையம்மா மடித்த துண்டையே மறுபடி எடுத்தாள். "வரும் வரும், எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னது, மருமகளை அங்கே பார்க்கும் டாக்டரம்மாதான். பிள்ளை தாய்ப்பால் மறந்துவிட்டிருந்ததால் மருமகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வலிப்புக்குப் புது மருந்து கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் வேறு நோய்க்கென்று ஏற்கெனவே ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்து ஒன்று வலிப்பையும் அடக்குகிற மாதிரி தெரிகிறது. ரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வலிப்பும் இருந்திருக்கிறது, அவர்களுக்கு அது குறைந்திருக்கிறது. தற்செயலா நிஜமா என்று பார்க்க வேண்டும். "பழைய மருந்துங்கிறதால அது உடம்பை என்ன பண்ணும்னு ஓரளவு தெரியும். வலிப்புக்குக் கேக்குமாங்கிறதுதான் தெரியாது" என்றார்.

பாட்டில்களில் பாதியில் மருந்து, பாதியில் சும்மா மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. அதை எழுதி ஒட்டிய உறை பூட்டிய அலமாரியில் இருக்கும். நாலு மாதம் ஒரு டைரியில் ஒவ்வொரு வலிப்பையும் எழுத வேண்டும், மாதம் ஒரு தடவை டைரியையும் மீதி மாத்திரையையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ், இளம் பெண், எப்போதும் கையிடுக்கில் பத்து டைரி. மூட்டையம்மா அவளுக்கு டைரி நர்ஸ் என்று பேர் வைத்தாள்.

மகன் படிவத்தைச் சத்தமாகப் படித்தான். மருந்தின் நீளமான பேரை எழுத்துக் கூட்டி அவன் வாசித்தபோது மூட்டையம்மாவின் காது நிமிர்ந்தது. கைப்பையைத் திறந்து தன்னுடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதே பேர். ஆறு வருஷமாகப் பிரஷருக்கு அவள் தினமும் காலையில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டால் எடுத்து நீட்டுவான். இதற்கா பூட்டும் உறையும் என்று நினைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முதல் மாதம் டைரியில் ஒன்பது. முந்தைய மாதமும் ஒன்பது. டைரி நர்ஸ் அதைப் படித்து, மீதி மாத்திரையை எண்ணி, மூட்டையில் துணி எண்ணுகிற மாதிரியே குறித்துக்கொண்டு, "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, பொறுமையா இருங்க" என்றாள். பொறுமை என்ற சாமான் மூட்டையம்மாவிடம் என்றைக்கு இருந்தது? பஸ்ஸில் வரும்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள். இவளுக்குக் கிடைத்தது மாவு பாட்டில். யாரோ ஒருத்திக்கு மருந்து, எங்க வீட்டுப் பெண்ணுக்கு மாவு. நாலு மாதம் மாவைத் தின்றுவிட்டு இவள் உட்கார்ந்திருக்க, ஏழாவது மாதம் முதல் தேதி வந்துவிடும்.

மறுநாள் காலை தன் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி தன் வாயில். மறு பாதியை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மருமகளின் காபியில் கலக்கினாள். இரண்டு சர்க்கரை கூடுதலாகப் போட்டாள்.

"காபி கசக்குதே அத்தை."

"பால் சரியில்ல. குடி, ஆறிடும்."

இது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திருடவில்லை, தன்னுடையதைத்தானே கொடுத்தாள். தன் அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, குறைந்த மூட்டையில் செருகினாள். மருமகளிடம் சொன்னால் அவள் நர்ஸிடம் சொல்லிவிடுவாள். பொய் சொல்லத் தெரியாத பெண், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். அதனால் சொல்லவில்லை.

இரண்டாவது மாதம் டைரியில் நாலு. மூன்றாவது மாதம், நம்பினால் நம்புங்கள், ஒன்றே ஒன்று, அதுவும் படுக்கையில், அரை நிமிஷம். மருமகளின் முகமே மாறிப்போனது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள். டைரியின் வெற்றுப் பக்கங்களைப் புருஷனுக்குப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா, புதன் இல்ல, வியாழன் இல்ல, வெள்ளி இல்ல." அவன் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினான். மூட்டையம்மா மேனேஜருக்கு ஃபோன் போட்டு, முதல் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன், என் அலமாரிச் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று மிரட்டினாள். பாதி மாத்திரையில் ஓடியதால் அவளுக்குக் கணுக்கால் வீங்கியது, பிடரி வலித்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சந்தோஷமாக இருந்தாள். இந்தப் பெண்ணை நான் கரை சேர்த்துவிட்டேன் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்தது.

மூன்றாவது மாத ஆஸ்பத்திரி நாள். மருமகளின் பிரஷரைப் பார்த்த டைரி நர்ஸ், "கொஞ்சம் கம்மியா இருக்கே, தலை சுத்துதா?" என்றாள். எழுந்தால் லேசாகச் சுற்றும் என்றாள் மருமகள். "வழக்கமான வலிப்பு மாத்திரையைத் தவிர வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?" "இல்லையே." நர்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினாள். நாலு மீதி. "எண்ணிக்கை சரி" என்று எழுதிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வெல்டர், கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. பன்னிரண்டு வயது மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், மோவாயில் புதுத் தையல். அவர் டைரியை நீட்டினார். அதில் எழுத இடமே மிச்சமில்லை. "எங்களுக்கு மாவுதான்னு நினைக்கிறேன் சிஸ்டர். முடிஞ்சதும் நிஜ மருந்தைக் கொடுப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆய்வு முடிஞ்சு, மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கொடுப்போம். தெரியலைன்னா எப்படிக் கொடுக்கறது?"

"அது எப்படித் தெரியும்?"

"மருந்து சாப்பிட்டவங்க டைரியெல்லாம் ஒரு பக்கம், மாவு சாப்பிட்டவங்க டைரியெல்லாம் ஒரு பக்கம் வெச்சுப் பாப்போம். வித்தியாசம் இருந்தா மருந்து. இல்லைன்னா இல்ல."

மூட்டையம்மா இடையில் புகுந்தாள். "ஏம்மா, மாவு சாப்பிடறவங்க ஒருத்தருக்கு நல்லாயிட்டா?"

"ஒருத்தர்னா பரவால்ல. இங்க மொத்தமே நாப்பது பேர்தான், அதுல நாலஞ்சு பேர் அப்படின்னா மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லைன்னு கணக்கு வந்துடும். அப்புறம் மூட்டை கட்டிப் பரண்ல போட வேண்டியதுதான். திரும்ப யாரும் சீந்த மாட்டாங்க."

நர்ஸ் அடுத்த டைரிக்குப் போய்விட்டாள். மூட்டையம்மாவுக்கு ஐந்தாம் மாடி மூட்டை ஞாபகம் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் மாடி மூட்டையில் வாரம் ஒரு விரிப்பு குறைந்தது. இவளும் வாரம் ஒன்று செருகினாள். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு நாள் பெரிய மெஷின் புகைந்து நின்றது. கழற்றிப் பார்த்தால் டிரம்முக்குப் பின்னால் தகடு விலகியிருக்கிறது, உள்ளே கந்தல் கந்தலாக விரிப்புகள். "ஒரு வருஷமா குறைஞ்சிருக்குமே, யாருமே சொல்லலையா?" என்று மெக்கானிக் கேட்டான். எப்படிச் சொல்வார்கள், மேலே எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது. அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. பழி மெஷின் மேல் போனது.

இப்போது வெல்டரின் மகள் மோவாயில் தையலோடு தூங்குகிறது. இது பரணுக்குப் போனால் இந்தப் பிள்ளைக்கும் கிடையாது. அந்த நாலஞ்சு பேரில் ஒருத்தியை இவளே சேர்த்தாயிற்று, பரணுக்கு அனுப்புவது யார்? ஒரு அரை மாத்திரை. சொன்னால் மருமகளை ஆய்விலிருந்து தூக்கிவிடுவார்கள், அந்த வெற்றுப் பக்கங்கள் எல்லாம் பொய்யாகிவிடும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எண்ணிக்கை சரி என்று எழுதியாகிவிட்டது.

டாக்டரம்மாவின் அறைக்குள் போனதும், அவர் டைரியைப் பார்த்துச் சிரித்து வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "அவளுக்கு நான் என் பிரஷர் மாத்திரையில பாதி கொடுத்துட்டு வரேன் டாக்டர். ரெண்டு மாசமா. காபியில. அவளுக்குத் தெரியாது."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை மூட்டையம்மா இன்றைக்கும் மறக்கவில்லை. கோபம் இல்லை அது, யார் இவர் என்பது மாதிரி ஒரு பார்வை.

டாக்டரம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளாவது விட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மருமகளுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "அப்ப நீங்க பாதிதான் சாப்பிட்டீங்களா?" என்று இவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். அளவைப் பார்த்ததும் முகம் மாறியது. "முதல்ல நீங்க அந்தக் கட்டில்ல படுங்க. உங்க ரெண்டு பேர்ல யார் நோயாளின்னே எனக்குத் தெரியல."

படுத்துக்கொண்டே கேட்டாள். "உறையைப் பிரிச்சுப் பாருங்களேன், மாவுதானான்னு."

"உயிருக்கு ஆபத்துன்னாத்தான் பிரிப்போம். ஆய்வு முடியற வரைக்கும் அது மூடித்தான் இருக்கும். இவங்க டைரியை இனிமே கணக்குல சேர்க்க முடியாதும்மா. ஆனா நீங்க சொன்னீங்களே, அது பெரிய விஷயம். சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

பெரிய விஷயம் என்று சொன்னது மூட்டையம்மாவுக்கு ஆறுதலாக இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழெட்டு நிறுத்தம் போன பிறகுதான் மருமகள் பேசினாள்.

"என் மேல உங்களுக்கு எவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும் அத்தை. அன்னைக்கு என்னை உருளை பக்கத்துலேர்ந்து இழுத்தது நீங்க. ஆனா என்னைக் கேக்காம என் வாயில மருந்தைப் போட்டிருக்கீங்க. வலிப்பு வரும்போது என் உடம்பு என் பேச்சைக் கேக்காது. மத்த நேரமாவது அது என்னுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"உன் நல்லதுக்குத்தானேம்மா" என்று ஆரம்பித்தாள் மூட்டையம்மா.

"நான் உங்க மூட்டை இல்ல அத்தை."

இருபத்திரண்டு வருஷமாக வாயால் பிழைத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராத்திரி வந்த மகன் விஷயத்தைக் கேட்டான். "நீ செஞ்சது தப்பும்மா" என்றான். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தான். அவன் ஒன்று சொன்னால் அது ஒன்பது சொன்ன மாதிரி.

ஆய்வு மாத்திரையையும் காபியில் கலந்த பாதியையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பத்தாம் நாள் வலிப்பு வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் ஆறு தடவை. ஒரு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள், இரண்டு நாள் பேச முடியவில்லை. மூட்டையம்மா ஒவ்வொரு தடவையும் தலைக்கடியில் துண்டை வைத்துவிட்டு, நிமிஷத்தைப் பார்த்துக்கொண்டு, இது நான் செய்தது, இது நான் செய்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் விழித்த மருமகள் வாயைத் துடைத்துக்கொண்டு டைரியை எடுத்து எழுதினாள். யாரும் அந்த டைரியை இனிக் கேட்கப்போவதில்லை. இருந்தும் எழுதினாள்.

பிறகு டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். ஆய்வில் இனி இடமில்லை. ஆனால் இது கடையில் கிடைக்கும் பழைய மருந்து. டாக்டர் என்ற முறையில், உங்களுக்குச் சம்மதமானால், அதை நான் வெளிப்படையாகவே எழுதித் தரலாம். கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சின்ன அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரஷரும் ரத்தமும் பார்க்க வேண்டும். "யோசிச்சு நீங்களே சொல்லுங்க" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். மூட்டையம்மாவுக்கு வாய் துறுதுறு என்றது. இரண்டு உதட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டாள். மருமகள் நாலு கேள்வி கேட்டாள், பதிலை எல்லாம் எழுதிக்கொண்டாள், பிறகு சரி என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு, தன் கைக்கெட்டும் அலமாரித் தட்டில் மருமகள் வைத்தாள். "இதை நான் எடுத்துப்பேன் அத்தை. நீங்க தொட வேண்டாம். மறந்துட்டா மறந்துட்டேன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்." ஒரு வாரம் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தாள். எட்டாம் நாள் மூட்டையம்மா இரண்டு டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள், இரண்டிலும் ஒரு வாய் தானே குடித்துக் காட்டினாள். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மூட்டையம்மாவுக்கு ராத்திரிச் சோறு இறங்கியது.

ஏழாவது மாதம் முதல் தேதி வந்தபோது மருந்து இன்னும் பாதி அளவுக்குத்தான் ஏறியிருந்தது, மாதத்துக்கு மூன்று வந்துகொண்டிருந்தது. மூட்டையம்மா மேனேஜருக்கு ஃபோன் செய்து, வர முடியாது என்றாள். அலமாரிச் சாவியைக் கூரியரில் அனுப்பினாள். புதிதாக வந்தவள் ஒரு விரிப்பு குறைந்தாலும் சீட்டு எழுதி மேலே அனுப்புகிறாளாம். "செய்யட்டும், அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் முழுக்கக் காரணமில்லாமல் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆய்வு முடிய ஒரு வருஷம் ஆனது. மருந்து சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை, இன்னும் நிறைய பேரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு வந்தது. பரணுக்குப் போகவில்லை. வெல்டரின் மகளுக்கு மாவு பாட்டில்தான் கிடைத்திருக்கிறது, இப்போது மருந்து தருகிறார்கள், கொஞ்சம் தேவலையாம். உறைகளைப் பிரித்த பிறகு டைரி நர்ஸ் மருமகளையும் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுடையது மாவு இல்லை. ஆரம்பத்திலிருந்தே மருந்துதான்.

மூட்டையம்மா அசந்துபோனாள். "அப்ப என் பாதி இல்லாமலேயே அவளுக்குக் குறைஞ்சிருக்குமா?"

"குறைஞ்சிருக்கலாம். கேக்கறதுக்கு ரெண்டு மாசம் ஆகறவங்க உண்டு. இல்ல உங்க பாதி சேர்ந்ததாலதான் அளவு எட்டியிருக்கலாம். இப்ப அதைக் கண்டுபிடிக்க வழியில்லம்மா."

பெருமைப்பட முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டுவிட்டார்கள் என்று மகனிடம் அங்கலாய்த்தாள். அவன் தலையாட்டினான்.

அதற்குள் மருமகளுக்கு வலிப்பு இல்லாமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதமும் தாண்டியதும் டாக்டரம்மா சொன்னார்: பகலில், தரையில், அடுப்பு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், ஃபோன் பக்கத்தில் இருந்தால், ஒரு மணி நேரம் பிள்ளையோடு தனியாக இருக்கலாம். வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. வந்தாலும் பிள்ளைக்கு ஆபத்தில்லாதபடி இருக்கட்டும்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மருமகள் பாயை விரித்தாள், மேசை முனைகளில் துணியைக் கட்டினாள், கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்தாள். "அத்தை, நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க."

"எங்க போக?"

"எங்கயாவது. பதினொரு மணிக்கு வந்தாப் போதும்."

மூட்டையம்மா மூன்று மாடி இறங்கினாள். மருந்துக் கடை வரை போய்த் திரும்பினாள், தேவையில்லாமல் ஒரு சீப்பு வாங்கினாள். பத்து இருபதுக்கெல்லாம் வீட்டு வாசல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். மேலே ஜன்னல் திறந்திருந்தது. பத்தரைக்குப் பிள்ளை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு அழுகை, பிறகு வீறிட்டுக்கொண்டு. மூட்டையம்மாவின் கால் தானாகப் படியேறியது. ஒரு படி, இரண்டு படி. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுந்திருப்பாளோ. இழுத்துக்கொண்டு கிடக்கிறாளோ. பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ. இல்லை, பல்லுக்காக அழுகிறதோ. கீழேயிருந்து எதுவும் தெரியவில்லை. ஏறினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். திரும்பி இரண்டு படியும் இறங்கி, மறுபடி நடைபாதையில் போய் நின்றுகொண்டாள்.

காய்கறிப் பையோடு வந்த எதிர்வீட்டுக்காரி நின்று மேலே பார்த்தாள். "என்ன, குழந்தை இப்படிக் கத்துது? நீங்க இங்க நிக்கறீங்க, மேல யாரும் இல்லையா?"

"இருக்காங்க" என்றாள் மூட்டையம்மா. "அவங்கம்மா இருக்கா."